முதல் வாரத்தில் எதைச் சொல்லித் தருவது?

அன்புள்ள சார்,

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இரண்டு வருடமாக வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிறேன். எனக்குக் கீழே சேருகிறவர்கள் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. நான் எந்தக் குறையும் வைப்பதில்லை. சேர்ந்த அன்றே மூன்று வாட்ஸப் குழுக்களில் போட்டுவிடுகிறேன். ஆள் சேர்த்தால் எவ்வளவு கமிஷன் என்று சொல்லும் பிளான் பிடிஎஃப், சீனியர்கள் பேசிய வீடியோ எல்லாம் அனுப்புகிறேன். தினமும் இரவு ஒன்பதுக்கு ஜூம் மீட்டிங். தெரிந்தவர்கள் நூறு பேர் பெயரை எழுதச் சொல்கிறேன். போன வாரம் சேர்ந்த பெண் இப்போது போனையே எடுப்பதில்லை. நான் சொல்லித்தருவது போதவில்லையா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

போதும் போதும் என்று ஆகிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. இத்தனையையும் ஒரே வாரத்தில் கொட்டவேண்டிய அவசரம் யாருக்கு என்று யோசித்தீர்களா? அவருக்கு நிச்சயமாக இல்லை. உங்களுக்குத்தான். மாதக் கடைசிக்குள் உங்கள் பாயின்ட் கணக்கு முடியவேண்டும், அவர் இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவந்தால் உங்கள் லெவல் ஏறும். உங்களைச் சேர்த்துவிட்ட அப்லைன் உங்களை முடுக்குகிறார், நீங்கள் அந்தப் பெண்ணை முடுக்குகிறீர்கள்.

முதல் பத்து நாள் பிளானை மூடி வையுங்கள். அவர் தன் வீட்டில் பயன்படுத்திப் பார்த்த ஒரே ஒரு பொருள் போதும். பாத்திரம் கழுவும் லிக்விட் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு தண்ணீரில் எத்தனை மூடி கலந்தார், எண்ணெய்ச் சட்டிக்குப் போதுமாக இருந்ததா, ஒரு பாட்டில் எத்தனை நாள் வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் ஆகிறது? இந்தக் கணக்கை அவரே போடட்டும். பக்கத்து வீட்டு அக்கா கேட்கப்போவது, “கடையில இதைவிடக் கம்மியா கிடைக்குதே?” என்றுதான். அதற்குப் பதில் எந்த சீனியர் வீடியோவிலும் கிடையாது.

முதல் சில வீடுகளுக்கு நீங்களும் கூடப் போங்கள். ஒரு வீட்டில் நீங்கள் பேசுங்கள், அடுத்த வீட்டில் அவர் பேசட்டும். திணறினால் நடுவில் புகுந்து காப்பாற்றாதீர்கள். (நம் தொழிலில் இதுதான் கஷ்டம், வாய் சும்மா இருக்காது.) வெளியே வந்தபிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், போதும். பில் கொடுப்பது, காசு வாங்குவது, பத்து நாள் கழித்துப் போன் போட்டு “எப்படி இருக்கு?” என்று கேட்பது எல்லாம் கைவந்தபிறகு இரண்டாவது பொருளுக்குப் போகலாம்.

அந்த நூறு பேர் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அதில் முதல் இருபது பெயர் யார்? சித்தி, நாத்தனார், பழைய ஆபீஸ் தோழி. பேச்சே பழகாத முதல் வாரத்தில் அவர்களிடம் போய் பிளான் பேசினால், அடுத்த விசேஷத்தில் இவரைக் கண்டதும் நகர்ந்துவிடுவார்கள். விலகுகிறவர்களில் பலர் வேலைக்குப் பயந்து விலகுவதில்லை, இந்த அவமானம் தாங்காமல்தான் விலகுகிறார்கள்.

சொல்லக் கூடாதவற்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் தொழிலுக்கென்று 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. “நாலு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு திரும்பி வந்துவிடும்” என்று சொல்லி விற்கக் கூடாது. நிறுவனம் ஒப்புதல் தராத பிரசுரங்களையும் கொடுக்கக் கூடாது. நீங்கள் அனுப்பும் பிடிஎஃப்களில் யாரோ ஒரு சீனியர் தானே தயாரித்தவை எத்தனை என்று பாருங்கள். அவற்றை அழித்தாலே புதியவரின் சுமை பாதி குறையும். சத்துப் பொடி மாதிரி ஏதாவது விற்றால், சர்க்கரை நோய் குணமாகும் என்று வாய்தவறியும் சொல்லவேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் பிளானைச் சொன்னால்தான் பொருள் நகர்கிறது என்றால், பயிற்சியை மாற்றிப் பிரயோசனமில்லை. ஆள் சேர்ப்பதில்தான் காசு என்றால் அது பிரமிட் திட்டம். அந்த விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. அங்கே நீங்கள் இருப்பதா வேண்டாமா என்பதைத்தான் யோசிக்கவேண்டும்.

அந்தப் பெண்ணை மறுபடி மீட்டிங்குக்குக் கூப்பிடாதீர்கள். குழுக்களிலிருந்து எடுத்துவிட்டு, “வாங்கிய பொருள் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், திருப்பித் தர நானே உதவுகிறேன்” என்று ஒரு வரி அனுப்புங்கள். அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளும் கூலிங் ஆஃப் காலம் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று முதலில் பார்த்துவிடுங்கள். சேர்ந்து ஒரு வாரம்தானே ஆகிறது, அநேகமாக இன்னும் நாள் இருக்கும்.