நாலாவது பேட்ச் ஏன் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு டிரைவர் திருத்தத்தை மூன்று பேட்ச்களாக (கோட் மாற்றத் துண்டுகளாக) அனுப்பினேன். என் லேப்டாப்பில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. மறுநாள், வரும் பேட்ச்களைத் தானாகவே சோதிக்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோவின் மின்னஞ்சல்: இரண்டாவது பேட்ச் 32 பிட் ஆர்ம் ப்ராசஸருக்கு லிங்க் ஆகவில்லை, 'ஏஇஏபிஐ யுஎல்டிவ்மாட்' என்ற ஃபங்ஷன் இல்லை என்று. சரிசெய்து நாலாவது பேட்ச் அனுப்பினால், 'இரண்டாவதிலேயே சேர்த்து வி2 (இரண்டாம் பதிப்பு) அனுப்புங்கள்' என்கிறார் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர். கடைசியில் கோட் ஒன்றுதானே? பிழையைச் சொன்னது யார் என்று குறிக்கும் 'ரிப்போர்ட்டட்-பை' வரியை ரோபோ பெயரில் போடவேண்டுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கடைசியில் ஒன்றுதான். ஆனால் நாளைக்கு வேறு எங்கோ ஒரு பிழையைத் தேடி ஒருவர் கிட் பைசெக்ட் ஓட்டுவார். ஆயிரம் கமிட்டை (பதிவான மாற்றங்களை) பத்துத் தடவை பாதியாக்கி குற்றவாளியைப் பிடிக்கும் வேலை அது. நடுவில் உங்கள் இரண்டாவது பேட்ச்சிலோ மூன்றாவதிலோ வந்து நின்றால் ஆர்மில் பில்டே ஆகாது. ஒவ்வொரு பேட்ச்சும் தனியாக பில்ட் ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

பிழை பழைய பிழை. 64 பிட் எண்ணை '/' போட்டு வகுத்திருக்கிறீர்கள். 32 பிட் ஆர்மில் அதற்குத் தனிக் கட்டளை கிடையாது. கம்பைலர் தன் துணை நூலகமான லிப்ஜிசிசியின் ஃபங்ஷன் ஒன்றை (ரோபோ சொன்ன அதே பெயர்) அழைக்கும், கெர்னலில் அது இல்லை. '/'க்குப் பதில் கெர்னலின் ஃபங்ஷனைப் போடுங்கள்: வகுக்கும் எண் 32 பிட் என்றால் டிவ்_யு64, 64 பிட் என்றால் டிவ்64_யு64. (1024ஆல் வகுத்திருந்தால் கம்பைலரே ஷிஃப்ட்டாக மாற்றியிருக்கும், ரோபோ வாயே திறந்திருக்காது.)

திருத்தத்தை கிட் கமிட் --ஃபிக்ஸ்அப் என்று இரண்டாவது கமிட்டுக்குக் குறித்து, ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ் கொடுங்கள், அதிலேயே சேர்ந்துவிடும். பிறகு ரீபேஸ் --எக்ஸெக்கில் ஆர்ம் கிராஸ் கம்பைலரை (உங்கள் லேப்டாப்பிலேயே ஆர்முக்கு கம்பைல் செய்வது) வைத்து மேக் ஓட்டினால் மூன்றையும் தனித்தனியே பில்ட் செய்து பார்க்கும். கான்ஃபிக் (எதெல்லாம் பில்ட் ஆகவேண்டும் என்ற அமைப்பு) மட்டும், ரோபோ கொடுத்ததாகவே இருக்கட்டும். உங்களுடையதில் அந்த டிரைவரே அணைந்திருக்கலாம். அனுப்பவேண்டிய பேட்ச்களை கிட் ஃபார்மட்-பேட்ச் -வி2 என்று எடுங்கள். என்ன மாறியது என்பதை பேட்ச்சில் உள்ள மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். மெயின்டெய்னர் பேட்ச்சை ஏற்றும்போது கிட் ஏஎம் அதை விட்டுவிடும், கமிட் வரலாற்றில் ஏறாது.

ரிப்போர்ட்டட்-பை வேண்டாம். தனி கமிட்டாகச் சரிசெய்தால் மட்டும் போடச் சொல்லி ரோபோவின் மின்னஞ்சலிலேயே இருக்கிறது. அந்த வரிவரை யாரும் படிப்பதில்லை. பேட்ச் மெயின்டெய்னரின் மரத்தில் (அவருடைய கிட் தொகுப்பில்) ஏறிவிட்ட பிறகு என்றால் கதை வேறு: அப்போது தனி பேட்ச், ரிப்போர்ட்டட்-பை, கூடவே பழைய கமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளோடு 'ஃபிக்ஸஸ்' வரி.

வி2வை இன்றே அனுப்பாதீர்கள், மற்றவர்களும் பார்க்க ஒரு வாரம் விடுங்கள். அடுத்த கெர்னல் வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருந்தால் அந்த இரண்டு வாரமும் போகட்டும். அது மூடியதும் வரும் முதல் சோதனை வெளியீடான ஆர்சி1 மேல் ரீபேஸ் செய்து அனுப்புங்கள்.