யார் போட்ட விதி? கால்பந்து ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்து மைதானங்களைப் பற்றிய மனக்குறைகள். ஒன்று மட்டும் ஜெர்மனி பற்றியது. ஒரே பொருளில் பலர் கேட்டதைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நின்று பார்க்க அனுமதி வந்துவிட்டது என்றார்கள். ஆனால் எங்கள் பகுதியில் எழுந்து நின்றால் ஊழியர் வந்து உட்காரச் சொல்கிறார், டிக்கெட்டைப் பறிப்பேன் என்று மிரட்டுகிறார். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. 2022-23 சீசனிலிருந்து மேல் இரண்டு டிவிஷன்களில் நின்று பார்க்கலாம். ஆனால் அதற்கென்று உரிமம் பெற்ற பகுதியில் மட்டும்தான். அங்கே வரிசைக்கு வரிசை தடுப்புக் கம்பி இருக்கும். ஓர் இருக்கைக்கு ஓர் ஆள் என்ற கணக்கும் மாறாது. நீங்கள் வாங்கிய இருக்கை அந்தப் பகுதியில் இல்லையென்றால், உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்ற பழைய விதிதான்.

அந்தப் பழைய விதி 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலிலிருந்து வந்தது. அதில் மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990 ஜனவரியில் வெளியானது. அது, பெரிய மைதானங்கள் முழுக்க இருக்கை மயமாக வேண்டும் என்றது. ஆனால் அன்று உயிர்களைக் குடித்தது நின்று பார்த்த பழக்கம் அல்ல. வெளிவாசல் ஒன்றைத் திறந்துவிட்ட காவல்துறையினர், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்கு (வேலியடைத்த, நின்று பார்க்கும் பகுதிகளுக்கு) போகும் சுரங்கப் பாதையை அடைக்கவில்லை. முன்னால் வேலி இருந்ததால் உள்ளே சிக்கியவர்களுக்கு வெளியேற வழியில்லை. 2016-ல் மரண விசாரணையின் ஜூரி, அவை சட்டவிரோத மரணங்கள், ரசிகர்கள் மீது தவறில்லை என்று தீர்ப்பளித்தது. ரசிகர்களின் கோபத்துக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இருந்தாலும் கம்பி இல்லாத இருக்கை வரிசையில் நிற்பதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. முன் இருக்கையின் முதுகு உங்கள் முழங்கால் அளவுக்குத்தான் வரும். கோல் விழுந்ததும் பின்னாலிருப்பவர் சாய்ந்தால் நீங்கள் முழங்கால் தடுக்கி முன்வரிசை மேல் கவிழ்வீர்கள். செங்குத்தான மேல் அடுக்கில் இது ஒன்றிரண்டு வரிசையோடு நிற்காது. தடுப்புக் கம்பி தடுப்பது இந்தச் சரிவைத்தான்.

ஊழியர் ஏன் அவ்வளவு பதற்றப்படுகிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இருக்கையில் நிற்பது குற்றம் அல்ல, மைதான ஒழுங்குவிதி மீறல். வெளியேற்ற அது போதும். ஆனால் கிளப் அஞ்சுவது வேறொன்றுக்கு. உள்ளாட்சி அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழில்தான் எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பது முடிவாகிறது. கட்டடத்தின் நிலைக்கு ஒன்று, நிர்வாகத்தின் தரத்துக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்கள் உண்டு. இரண்டும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்கும். எது குறைவோ அதனால் இருக்கை எண்ணிக்கையைப் பெருக்குவார்கள். 5,000 இருக்கைப் பகுதிக்கு நிர்வாக மதிப்பெண் 0.9 ஆனால் 4,500 பேருக்குத்தான் அனுமதி. ஒவ்வொரு ஆட்டத்திலும் 500 டிக்கெட் போய்விடும். 'தொடர்ந்து நிற்கிறார்கள், நிர்வாகத்தால் தடுக்க முடியவில்லை' என்ற பதிவு இந்த மதிப்பெண்ணைக் கீழே இழுக்கக்கூடியது.

ஆகவே ஊழியரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. கிளப்பின் ரசிகர் தொடர்பு அதிகாரிக்கு எழுதுங்கள். எந்தப் பகுதி, எந்த வரிசை முதல் எந்த வரிசை வரை, எத்தனை ஆட்டங்களில் ஏறக்குறைய எத்தனை பேர் நின்றார்கள், அங்கே கம்பி பொருத்த என்ன தடை, உரிமம் கேட்டார்களா இல்லையா என்று கேளுங்கள். வெளியூர் ரசிகர் பகுதியையும் சேர்த்துக் கேளுங்கள், அங்கேதான் எல்லோரும் நிற்கிறார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எதிரே எல்லோரும் எழுந்தால் சக்கர நாற்காலி மேடையில் இருப்பவருக்கும் சிறு பிள்ளைக்கும் ஆட்டமே தெரியாது. கோரிக்கையில் அவர்களுக்கான பார்வைக்கோடு பற்றிய வரி இல்லையென்றால் அது அரைகுறைக் கோரிக்கை.

கேள்வி: கிரிக்கெட்டில் பீர் கோப்பையோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் தடை?

பதில்: இது கிளப் போட்ட விதி இல்லை. 1985-ல் வந்த நாடாளுமன்றச் சட்டம். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து ஒரு மணி நேரம் வரை, களம் கண்ணில் படும் எந்த இடத்திலும் மது வைத்திருக்கக் கூடாது. கிரிக்கெட்டும் ரக்பியும் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. விளைவு என்னவென்றால், இடைவேளையின் 15 நிமிடத்தில் எல்லோரும் உள்வழி நடைகூடத்தில் குவிந்து அவசரமாகக் குடிக்கிறார்கள். அந்த நெரிசலைக் காட்டி விதியை மறுபரிசீலனை செய்யச் சொல்வது நியாயமான வாதம். ஆனால் மனு போக வேண்டிய இடம் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர், கிளப் அலுவலகம் அல்ல.

கேள்வி: அரை மணி நேரம் முன்பே வந்தும் வரிசையில் நின்று முதல் கோலைத் தவறவிட்டோம். 'தாமதமாக வந்தீர்கள்' என்று எங்களையே குறை சொல்கிறார்கள்.

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் யார் தவறு என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு சுழல்வாயிலுக்கு மணிக்கு 660 பேர் என்பதை உச்சமாக வைக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 11. ஒரு ஸ்டாண்டில் 6,000 பேர், 10 வாயில்கள் என்றால் ஒரு மணி நேரத்தில் 6,600 பேர் போகலாம். தாளில் சரியாக இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் கடைசி 20 நிமிடத்தில் வந்தால்? 3,000 பேருக்கு 27 நிமிடம் வேண்டும். பை சோதனையாலோ மொபைல் டிக்கெட் படிக்காததாலோ வேகம் நிமிடத்துக்கு 7 பேராக இறங்கினால் 43 நிமிடம். கடைசியில் வருபவர் ஆட்டத்தின் 23-வது நிமிடத்தில்தான் உள்ளே நுழைவார். வாயில் இரண்டு மூடியிருந்தால் அதற்கும் மேலே.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது சிறிதுதான். டிக்கெட்டை வீட்டிலேயே மொபைல் வாலட்டில் இறக்கிவிடுங்கள். மைதான வாசலில் பல்லாயிரம் பேர் ஒரே டவரில் தொங்கும்போது அது இறங்காது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

புகாரில் எழுத வேண்டியது: வாயில் எண், வரிசையில் சேர்ந்த நேரம், உள்ளே போன நேரம், எத்தனை வாயில்கள் திறந்திருந்தன. நேரம் தெரியும் ஒரு படம் இருந்தால் நல்லது. அதோடு, வாயில் வாரியாக நிமிடக் கணக்கு நுழைவுப் பதிவைக் கேளுங்கள். மின்னணு வாயில்கள் அதைச் சேமிக்கின்றன. நெரிசல் கூடும்போது ஆட்டத் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரியான வழி, எண்ணாமல் கதவைத் திறந்துவிடுவது அல்ல. 'தாமதமாக வந்த ரசிகர்கள்' என்ற சாக்கை உடனே நம்ப வேண்டியதும் இல்லை. 2022 மே 28-ல் பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அதைத்தான் முதலில் சொன்னார்கள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ தானே அமைத்த சுயேச்சைக் குழு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில், முதன்மைப் பொறுப்பு யுஇஎஃப்ஏ-வுக்கே என்று எழுதியது.

கேள்வி: எங்கள் கிளப்பில் ரசிகர் ஆலோசனைக் குழு இருக்கிறது. ஆனால் எல்லாம் முடிவான பிறகுதான் சொல்கிறார்கள். இதனால் என்ன பயன்?

பதில்: நீங்கள் சொல்வதுதான் பல கிளப்புகளில் உள்ள நோய். சீசன் டிக்கெட் விலை அச்சுக்குப் போன பிறகு கூட்டத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டினால் அது ஆலோசனை ஆகாது. கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். 'கிளப் தெரிவித்தது' என்ற வரி எத்தனை முறை வருகிறது, 'குழு கேட்டுக்கொண்டதால் மாற்றப்பட்டது' என்பது எத்தனை முறை? இரண்டாவது இல்லையென்றால் குழுவின் விதிமுறைத் தாளையே மாற்றக் கேட்க வேண்டும்.

அந்தத் தாளில் நான்கு வரிகள் முக்கியம். உறுப்பினர்களை ரசிகர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, கிளப் நியமிக்கிறதா? நிகழ்ச்சி நிரலில் பொருள் சேர்க்கக் குழுவுக்கு உரிமை உண்டா? விலை போன்ற முடிவுகளுக்கு எத்தனை நாள் முன்பு எண்களைத் தர வேண்டும்? ரகசியம் காக்கும் விதி எதுவரை? இந்தக் கடைசி வரியில்தான் பலர் சிக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் ரகசியக் கையெழுத்து வாங்கிவிட்டால், பிரதிநிதி தன்னை அனுப்பியவர்களிடமே பேச முடியாது. பெயர் சொல்லக்கூடிய வணிகத் தகவலுக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி வரை என்று எல்லை போடுங்கள்.

இப்போது சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் மேல் ஐந்து டிவிஷன்களுக்கும் சுயேச்சை ஒழுங்குமுறை அமைப்பை உண்டாக்கியது. கிளப் சின்னத்தையோ சொந்த மைதான ஜெர்சியின் முக்கிய நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மை ஆதரவு வேண்டும். 2012-ல் கார்டிஃப் சிட்டியின் நீலத்தைச் சிவப்பாக்கியபோது இப்படி ஒரு தடை இருந்திருந்தால், நீலம் திரும்ப 2015 ஜனவரி வரை அந்த ஊர் காத்திருக்க வேண்டியிருக்காது.

சட்டம் வருவதற்கு முன்பு கூட்டாக வெளியேறுவதும் வேலை செய்திருக்கிறது. 2016 பிப்ரவரியில், டிக்கெட் விலை 77 பவுண்டு ஆகப்போகிறது என்றதும், லிவர்பூல் ரசிகர்களில் ஆயிரக்கணக்கானோர் 77-வது நிமிடத்தில் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாட்களில் அந்த விலை கைவிடப்பட்டது. எண்ணும் நேரமும் ஒன்றாக அமைந்தது அந்தப் போராட்டத்தின் பலம். ஏன் போகிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: ஜெர்மனியின் '50+1' பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள். அது ஓட்டையில்லாத விதியா?

பதில்: இல்லை, ஆனால் பாதுகாக்கத் தகுந்தது. 1998 முதல் உள்ள விதி அது. கிளப்பை நிறுவனமாக மாற்றினாலும் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். லெவர்குசனும் வோல்ஃப்ஸ்பர்க்கும் விதிவிலக்கு பெற்றவை. லைப்சிக் போன்ற கிளப்பில் வாக்குள்ள உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். விதியின் எழுத்து காக்கப்படுகிறது, நோக்கம் காக்கப்படவில்லை. ஆனாலும் பல் உள்ள விதி. 2023 டிசம்பரில் லீக்குக்கு வெளி முதலீட்டாளரைக் கொண்டுவர 36 கிளப்புகளில் 24 வாக்களித்தன. சரியாகத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு. எதிர்த்த ரசிகர்கள் எறிந்த டென்னிஸ் பந்துகள் வாரக்கணக்கில் களத்தில் விழுந்தன, ஆட்டங்கள் நின்றன. 2024 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

கேள்வி: உரிமையாளர் மைதானத்தை விற்கப் போவதாகப் பேச்சு. ரசிகர்களால் சட்டப்படி எதையாவது செய்ய முடியுமா?

பதில்: இங்கிலாந்தில் முடியும், ஆனால் விற்பனை அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். 2011 உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் மைதானத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவு செய்யலாம். பதிவு செய்த அமைப்பு இல்லாவிட்டாலும், உள்ளூர் உறுப்பினர்கள் 21 பேர் உள்ள குழு விண்ணப்பிக்கலாம். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் 2013-ல் ஓல்ட் டிராஃபோர்டை இப்படிப் பதிவு செய்தார்கள். பதிவு ஐந்து ஆண்டு நிற்கும். காலாவதித் தேதியைக் குறித்து வைத்துப் புதுப்பியுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

உரிமையாளர் விற்க முனைந்தால் குழுவுக்கு ஆறு வாரத்தில் விருப்பம் தெரிவிக்க உரிமை உண்டு. தெரிவித்தால் மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிறுத்தி வைக்கப்படும். ஆனால் உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிடைப்பது அவகாசம் மட்டுமே.

அந்த அவகாசத்தில் பணம் திரட்ட ஓர் அமைப்பு வேண்டும். ரசிகர் டிரஸ்டை 'சமூக நலச் சங்கம்' என்ற வடிவில் பதிவு செய்யுங்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். கிளப்பையே இழந்தவர்களுக்கும் இந்த வழி உதவியிருக்கிறது. 2002-ல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறொரு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் சில வாரத்திலேயே ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2011-ல் அது கால்பந்து லீக்குக்குள் வந்தது. 2020 நவம்பரில் பழைய மைதானத்துக்கு அருகிலேயே புதிய பிளவ் லேன் மைதானத்தில் முதல் ஆட்டம் ஆடியது.