எம்.எல்.ஏ. கடிதம் இருக்கட்டும், அம்மா எங்கே இருக்கிறார்?

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 58 வயது. ஊரில் ஒரு ஓட்டு வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லை. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம், நிராகரித்துவிட்டார்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்த சமயம் அம்மா ஊரில் இல்லை. மனைவியும் வேலைக்குப் போவதால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு மாதமாக எங்களோடு தாம்பரத்தில்தான் இருக்கிறார். எங்கள் ஊர்த் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பரிந்துரைக் கடிதம் வாங்கி தாலுகா ஆபீஸில் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் தகவல் இல்லை. மக்கள் பிரதிநிதியின் கடிதத்துக்கே மதிப்பில்லை என்றால் சாமானியன் எங்கே போவது? ஊரில் ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். அமைச்சர் வரை போகலாமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அமைச்சர் அப்புறம். 'வி.ஏ.ஓ. வந்தபோது அம்மா ஊரில் இல்லை' என்று நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு, அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல் எம்.எல்.ஏ. கடிதத்துக்குத் தாவிவிட்டீர்கள். உங்கள் மனு செத்தது அந்த வரியில்தான், தம்பி.

இ-சேவையில் பதிவேற்றிய மனு முதலில் வி.ஏ.ஓ.வின் கணக்குக்குத்தான் போகும். அவர் வீட்டுக்கு வருவார். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார். 'மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான், தாம்பரத்துல பேரப்புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கு' என்று அவர்கள் உள்ளதைத்தான் சொல்லியிருப்பார்கள். 'மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை. மகனின் பராமரிப்பில் உள்ளார்' என்று வி.ஏ.ஓ. எழுதினால் அதில் எது பொய்? அந்த அறிக்கை வருவாய் ஆய்வாளருக்குப் போகிறது, அவரிடமிருந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்கு. உத்தரவு போடுகிற தாசில்தார் உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. அவர் கண் முன்னால் இருப்பது அந்த அறிக்கைதான்.

இந்த நிலையில் நீங்கள் கொண்டுபோன கடிதம் என்ன செய்திருக்கும்? அதன் நகல் இருந்தால் கடைசி வரியைப் படியுங்கள். 'தகுதியிருப்பின், விதிகளுக்குட்பட்டு ஆவன செய்யும்படி' என்றுதான் இருக்கும். எந்தக் கட்சி எம்.எல்.ஏ. கொடுத்தாலும் வாசகம் இதுதான். தாலுகா ஆபீஸ் தபாலில் அதைப் பதிவு செய்வார்கள். பிரிவு எழுத்தர் மேசைக்கு வரும். 'அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு அதே வி.ஏ.ஓ.வுக்கே போகும். அவர் திரும்பவும் போய்ப் பார்ப்பார். வீடு திரும்பவும் பூட்டியிருக்கும். அமைச்சர் எழுதினாலும், முதல்வரின் உதவி எண் 1100-க்குப் பேசினாலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றாலும் மனு வந்து சேருகிற மேசை அந்த ஒரே மேசைதான். ஆறு இடத்தில் மனு போட்டால் ஆறு பதில் வரும், ஆறும் ஒரே பதிலாக இருக்கும்.

உதவித்தொகை வழங்கும் அதிகாரம் எம்.எல்.ஏ.வுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அவர் கையெழுத்துக்கே பணம் வரும் என்று வைத்தால், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட விதவை பட்டினி கிடக்க வேண்டியதுதான். நம் ஊரில் பலர் எம்.எல்.ஏ. ஆபீஸைக் குட்டி அரசாங்கமாக நினைக்கிறார்கள். 'எம்.எல்.ஏ. நிதியில் ஏதாவது பார்த்துக் கொடுங்கள்' என்று ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் போய் நிற்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி என்பது சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி மாதிரியான பொது வேலைகளுக்கு உள்ளது. அதிலிருந்து தனி ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக் கொடுக்க வழியில்லை.

அப்படியானால் அந்த அலுவலகம் எதற்கு? நிறையவே செய்யலாம், கேட்கிற விதத்தில் கேட்டால். 2023-இல் எம்.எல்.ஏ. அலுவலகங்களிலேயே இ-சேவை மையம் திறக்கும் வேலை தொடங்கியது. உங்கள் தொகுதியில் அது இயங்கினால் விதவைச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் நிற்கிறதா, வருவாய் ஆய்வாளரிடமா, தாசில்தாரிடமா என்று கணினியில் பார்த்துச் சொல்வார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டு, 'என்ன காரணத்துக்காகத் தள்ளுபடி, எந்தக் காகிதம் குறைகிறது' என்று கேட்க எம்.எல்.ஏ.வின் உதவியாளரால் முடியும். உங்களுக்கு வாசலில் கிடைக்காத பதில் அவருக்குப் போனில் கிடைக்கும். இந்த அலுவலகத்தின் உண்மையான பலமே இதுதான், ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்பதில்லை. 'ஒரு லெட்டர் குடுங்க சார்' என்று கேட்டு, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தகுதி உறுதியான பிறகும் ஒதுக்கீடு இல்லாமல் காத்திருப்போர் பட்டியலில் பெயர் தொங்கிக்கொண்டிருந்தால், அதைச் சட்டமன்றத்திலும் ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்திலும் எழுப்பிக் கேட்க வேண்டியது எம்.எல்.ஏ.வின் கடமை. அதற்காக அவரை நெருக்குங்கள், தப்பே இல்லை.

போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு பக்க மனு. தலைப்பில் இ-சேவை ரசீதில் உள்ள விண்ணப்ப எண், தேதி. அடுத்து நிராகரிப்புக் காரணம், ஆணையில் உள்ள வார்த்தைகளிலேயே. அதன் கீழ், இப்போது என்ன மாறியிருக்கிறது, என்ன கேட்கிறீர்கள் என்பது: 'மறு கள விசாரணை வேண்டும்' என்று ஒரே கோரிக்கை. மனுவுக்கு அவர்கள் பதிவேட்டில் போடும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது எம்.எல்.ஏ. சென்னையில் இருப்பார், கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் அலுவலகத்தையே பூட்டி வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் உங்கள் அம்மா எங்கே இருக்கிறார் என்பதை நீங்கள் முடிவு செய்த பிறகு. அதைத்தான் நீங்கள் பேசவே இல்லை.

எட்டு மாதமாக உங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்து, நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போக வழி செய்கிறார். தாம்பரத்தில் அந்த வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் எவ்வளவு கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த அம்மாவின் கையில் நீங்கள் மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு ரூபாய்க்கும் கணக்கு இல்லை. ஆதரவற்றோருக்கான தொகை 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. பிள்ளை இல்லாத, இருந்தும் திரும்பிப் பார்க்காத, பிழைக்க வேறு வழியில்லாத பெண்களுக்காக வைத்திருக்கும் பணம் அது. சம்பளம் வாங்கும் மகன் வீட்டில் வேலை பார்க்கும் தாயை, காகிதத்தில் நாதியற்றவள் ஆக்கி அதை வாங்கித் தர நினைக்கிறீர்கள். இது அம்மாவுக்குச் செய்யும் உதவி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. சொந்த வருமானத்தில் பிழைக்க முடியாத தாய், 60 வயது ஆகாவிட்டாலும், பிள்ளையிடம் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம். அந்த மனுவை எடுத்துக்கொள்ளும் தீர்ப்பாயத்தில் விசாரிப்பவர் வருவாய் கோட்டாட்சியர். தாசில்தார் தள்ளுபடி செய்தால் 'மேலே போகிறேன்' என்று நீங்கள் போய் நிற்கப்போகும் அதே அதிகாரி. 'மகன் என்ன சம்பளம் வாங்குகிறார்?' என்று அவர் முதல் கேள்வி கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

இரண்டில் ஒன்று. அதை நீங்களும் மனைவியும் பேசி முடிவு செய்யாதீர்கள். அம்மாவைக் கேளுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

ஊரில் இருக்கத்தான் விருப்பம் என்றால், கொண்டுபோய் விடுங்கள். வி.ஏ.ஓ. வருகிற அன்றைக்கு மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு மறுநாள் திரும்ப வரச் சொல்லும் வேலை வேண்டாம். பணம் வர ஆரம்பித்த பிறகும் கள ஆய்வுக்கு வருவார்கள், ஆள் இல்லை என்றால் நிறுத்துவார்கள். நிறுத்திய தொகையை மீட்பது புதிதாக வாங்குவதைவிடச் சிரமம். அம்மா நிஜமாகவே ஊரில், தன் கையை நம்பி இருக்கிறார் என்றால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் சில காகிதங்களைச் சரி செய்யுங்கள். குடும்ப அட்டையில் அப்பா பெயர் இன்னும் இருந்தால், இறப்புச் சான்றைக் காட்டி நீக்குங்கள். கணவர் உயிரோடு இருப்பதாகக் காட்டும் கார்டை வைத்துக்கொண்டு விதவை உதவித்தொகை கேட்பவர்கள் ஏராளம். ஆதாரில் 'முருகேசன்', இறப்புச் சான்றில் 'முருகேசு' என்ற மாதிரி வேறுபாடு இருந்தால் அங்கேயே நின்றுவிடும், எனவே ஆதார், கார்டு, சான்று, பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வங்கிக் கணக்கு அம்மாவின் தனிக் கணக்காக இருக்கட்டும், ஆதார் இணைந்திருக்கட்டும். இ-சேவையில் பதிவு செய்யும்போது உங்கள் போன் நம்பரைக் கொடுத்திருப்பீர்கள், குறுஞ்செய்தியெல்லாம் தாம்பரத்துக்கு வந்து கிடந்திருக்கும். இந்த முறை அம்மாவின் நம்பர். அவர் பெயரில் மகளிர் உரிமைத் தொகை ஏற்கெனவே வருகிறதா என்றும் பாருங்கள், விதிப்படி ஒரே பெண்ணுக்கு அதுவும் விதவை உதவித்தொகையும் சேர்ந்து கிடையாது.

உங்களோடு இருக்கத்தான் விருப்பம் என்றால் அந்த விண்ணப்பத்தை மறந்துவிடுங்கள். மாதச் சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை அவர் கணக்கில் போடுங்கள். 1,200-ஐவிடக் கூடுதலாக இருக்கட்டும், செலவுக்குக் கணக்கு கேட்காதீர்கள். ஏ.டி.எம். கார்டு அவர் கையில் இருக்க வேண்டும். அப்போதும் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் உங்களுக்கு வேலை உண்டு: ஊர் வீட்டுப் பட்டா அப்பா பெயரிலேயே கிடக்கும் என்று நினைக்கிறேன். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவில் அம்மா பெயரைச் சேர்க்கும் வேலையை அங்கே ஆரம்பியுங்கள். ஜமாபந்தி என்கிற, ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை சமயத்தில் நேரிலும் மனு கொடுக்கலாம்.

மூவாயிரம் கேட்டவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவர் செய்யக்கூடியது வி.ஏ.ஓ. அறிக்கையில் ஒரு பொய்யை எழுத வைப்பது மட்டுமே. அந்தப் பொய் அம்மாவின் பெயரில் பதிவாகும், உங்கள் பெயரில் அல்ல. அந்தப் பணம் அதிகாரி கைக்குப் போனால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி.

நிராகரிப்பு ஆணையின் நகலை முதலில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இத்தனை நாள் ஓடியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. தாலுகா ஆபீஸில் எழுதிக் கேட்டும் தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். ஆணை நகல், வி.ஏ.ஓ. அறிக்கை நகல் இரண்டையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். நகலில் நான் சொன்ன காரணம் இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால், அந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். கூடவே அம்மா எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்பதையும் எழுதுங்கள்.