எம்.சி.யா, எம்.ஏ.சி.யா: தாத்தா ஒருவர்தானா?

"என் பாட்டியின் தாத்தா ஸ்காட்லாந்தின் ஆர்கைலிலிருந்து மலையகத்துக்கு வந்த தோட்டத்துரை. 1852 ஞானஸ்நானப் பதிவில் அவருடைய மக்கின்டயர் என்ற பெயர் ஆங்கிலத்தில் ‘எம்.சி.’ (Mc) என்று தொடங்குகிறது. நுவரெலியாக் கல்லறையில் ‘எம்.ஏ.சி.’ (Mac). முதலாவது அயர்லாந்துப் பெயர், ஆள் வேறு என்கிறார் ஒரு முகவர். சரியான குடும்பச் சின்னம் வாங்கித்தரப் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?" — கண்டி வாசகி

கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து இரண்டிலும் வழங்கிய கேலிக் மொழியில் ‘மாக்’ என்றால் மகன். ‘எம்.சி.’ அதன் சுருக்கெழுத்து, அவ்வளவுதான். இரண்டு நாட்டிலும் இரண்டும் உண்டு. மக்கின்டயர் என்றால் தச்சன் மகன். குடும்பம் வாயால் சொன்னதை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றுவிதமாக எழுதியிருப்பதும் சாதாரணம். இன்றைய அலுவலகங்களோ ஓர் எழுத்துப் பிசகினாலே சத்தியக்கடதாசி கேட்கின்றன. முகவர்களின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

எழுத்தை விட்டு ஆளைப் பிடியுங்கள்: தகப்பன் பெயர், ஊர், முக்கியமாகத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1-இல். அங்கே இறப்புப் பதிவில்கூடப் பெற்றோர் பெயர் இருக்கும். உங்கள் துரை இலங்கையில் இறந்தால் என்ன, ஊரோடு தங்கிவிட்ட அண்ணன் தம்பியின் இறப்புப் பதிவைத் தேடுங்கள். அரசின் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ தளம் போதும். முகவரும் அங்கேதான் காசு கட்டிப் பார்த்துவிட்டு உங்களிடம் பல மடங்கு வாங்குவார்.

அப்புறம் அந்தச் சின்னம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் தனி ஆளுக்கு உரியது, குடும்பப் பெயருக்கு அல்ல. அதை வழங்க எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரியின் நீதிமன்றமே இருக்கிறது. முகவர் தருவது மரச்சட்டம் போட்ட வெறும் படம். ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் ‘லேர்ட்’ (ஸ்காட்லாந்து நிலக்கிழார்) பட்டம் என்பார்கள், அதுவும் வெறும் காகிதம்.

எழுத்து மாறினால் பரவாயில்லை என்றேன். பெயரே மாறிய கதையும் உண்டு: ஸ்காட்லாந்தின் மாக்ரெகர் குலத்தவர். 1603-இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் அந்தப் பெயரையே தடைசெய்தார், மீறினால் மரணம். 1661-இல் தடை நீங்கியது, 1693-இல் திரும்ப வந்தது, 1774-இல்தான் ஒழிந்தது. இடையில் அவர்கள் கேம்பல், மரே, கிரான்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்தார்கள். ஸ்காட்லாந்துக் கதைகளில் பேர்பெற்ற ராப் ராய் மாக்ரெகரே தாய்வழியில் கேம்பல் என்று போட்டுக்கொண்டவர். தடை நீங்கியபின் சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தை எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் ஆயுளுக்கும் கிடைக்காது. உங்களுடையது மக்கின்டயர், அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.