டேங்க் சுத்தம், நிப்பிள் லைன்?

கேள்வி: பல்லடம் பக்கம் 5,000 கறிக்கோழி வளர்க்கிறேன். டேங்கில் தினமும் பிளீச்சிங் பவுடர் போடுகிறேன். டேங்க் தண்ணீரை லேபில் கொடுத்ததில் கிருமி இல்லை என்றார்கள். ஆனாலும் மூன்றாவது வாரம் வந்தாலே கழிச்சல், ஈகோலை பாக்டீரியாவால் சாவு. நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனை) சில அடைக்கின்றன, சில ஒழுகுகின்றன. ஏன்?

பதில்: நீங்கள் சோதித்தது டேங்க் தண்ணீர், கோழி குடிப்பது நிப்பிள் தண்ணீர். நடுவில் இருக்கும் குழாயைப் பாருங்கள். லைனின் கடைசி மூடியைக் கழற்றி உள்சுவரைப் பஞ்சால் துடையுங்கள். பழுப்பாக, வழவழவென்று ஒட்டினால் அது பாக்டீரியாப் படலம்.

குழாய்ச் சுவரில் ஒட்டும் பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பசையைச் சுரந்து, அதற்குள் பெருகுகிறது. குளோரின் மேல்பசையிலேயே செலவாகிவிடும், உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். படலம் பிய்ந்து வரும்போதெல்லாம் கோழிக்குக் கிருமி போகிறது. பிசிறு நிப்பிளில் சிக்கினால் அடைப்பு, ஒழுகல். புரூடிங் நாட்களில்தான், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் முதல் நாட்களில்தான், இது வேகமாக வளரும். ஷெட் சூடு, குஞ்சு குடிப்பதோ கொஞ்சம், தண்ணீர் லைனிலேயே தேங்கி நிற்கும். அதில் வெல்லத் தண்ணீரும் வைட்டமின் டானிக்கும் விட்டால் பாக்டீரியாவுக்குத் தீவனம் போட்ட மாதிரி.

பேட்ச் முடிந்து ஷெட் காலியானதும் செய்யுங்கள். முதலில் அழுத்தத் தண்ணீரில் லைனை அலசுங்கள். பிறகு, 50% செறிவுள்ள ஸ்டெபிலைஸ்டு ஹைட்ரஜன் பெராக்சைடை லிட்டருக்கு 30 மில்லி கலந்து, கடைசி முனையில் நுரை வரும்வரை நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். 20 மி.மீ. உள்விட்டக் குழாய் 100 மீட்டருக்குச் சுமார் 31 லிட்டர் பிடிக்கும். வாயு கிளம்பும் என்பதால் காற்றுக் குழாயை அடைக்காதீர்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். கலக்காத 50% பெராக்சைடு தோலைப் பொசுக்கிவிடும். மறுநாள் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். உப்புத் தண்ணீர் பகுதி என்றால் வெள்ளைப் படிவும் இருக்கும், அதன் சொரசொரப்பில் படலம் மறுபடி பிடிக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலை பிஎச் 4-க்கு வைத்து, ஓர் இரவு நிறுத்தி அலசினால் கரையும். ஒன்றை முழுதாக அலசாமல் அடுத்ததை விடவே கூடாது: அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷ வாயு வரும், பெராக்சைடும் குளோரினும் ஒன்றையொன்று முறித்துவிடும்.

கோழி உள்ளே இருக்கும்போது இந்த அளவு வேண்டாம். பிய்ந்த படலம் ஒரே நாளில் நிப்பிள்களை அடைத்து, கோழி தாகத்தில் தவிக்கும். அப்போது புரூடிங் முடியும்வரை தினமும், மருந்தோ டானிக்கோ கொடுத்த ஒவ்வொரு முறையும் லைனை அலசினாலே போதும். குளோரின் கடைசி நிப்பிளில் 2 முதல் 4 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருக்க வேண்டும். சோதனைப் பட்டையை டேங்கில் நனைக்காமல் அங்கே நனையுங்கள். 30% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 10 கிராம், 1,000 லிட்டருக்கு 3 பிபிஎம் தரும். தனி வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள்; அடியில் தங்கும் சுண்ணாம்பு லைனுக்குப் போகக் கூடாது. தண்ணீரின் பிஎச் 8-ஐத் தாண்டினால் குளோரினில் பெரும்பகுதி வேலை செய்யாது. உங்கள் பவுடர் வீணாவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், அளந்து பாருங்கள்.

தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பே குளோரினை நிறுத்திவிடுங்கள். கொடுத்த 24 மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். ஈகோலை சாவுக்கு ஷெட் தரையில் பரப்பிய கூளம் ஈரமாவதும் அம்மோனியா நெடியும்கூடக் காரணமாகும். அதனால் செத்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்துவிடுங்கள்.