வலைப்பூ எழுதினால் பழைய நண்பர்களோடு தொடர்பு விட்டுப் போகாமல் இருக்குமா?

இருக்கும், தாராளமாகத் தொடங்குங்கள். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள், வாட்ஸப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தாண்டிப் பேச்சே இல்லை, வலைப்பூ எழுதினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2010இலிருந்து எழுதுகிறேன். படிப்பவர்கள் மொத்தம் பதினான்கு பேர், எல்லாரும் நண்பர்கள்.

இது புது யோசனையும் இல்லை. 1999இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க நிரலாளர் லைவ்ஜர்னல் என்ற வலைப்பூத் தளத்தை உருவாக்கியதே, தன் பள்ளி நண்பர்களுக்குத் தன்னைப் பற்றிய சேதி போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

என்ன எழுதுவது என்று மலைக்காதீர்கள். கல்யாணம், வேலை மாற்றம் மாதிரிப் பெரிய சேதிகள் எப்படியாவது காதுக்குப் போய்விடும். போகாதவை சின்ன விஷயங்கள். அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கினோம், அதன் பேட்டரி சட்டைப் பொத்தானை விடச் சின்னது, அவர் கை நடுக்கத்தில் அதை நழுவவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடியதைப் பத்து வரியில் எழுதினேன். மூன்று மாதம் கழித்து ஒரு நண்பன் போன் செய்தான். அவன் குரலைக் கேட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. எடுத்ததும், "அப்பா மிஷினை மாட்டிக்கிறாரா, இல்ல டிராயர்லயே வச்சிருக்காரா?" என்றான். நல்லா இருக்கியா, இருக்கேன், வேற என்ன என்று இழுக்கும் அந்தத் தடுமாற்றமே இல்லாமல் நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவது போல ஒரு மணி நேரம் பேசினோம். எனக்கு அன்றைக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் ஒன்றில் நான் பெரிதாகத் தவறினேன், நீங்கள் தவறக்கூடாது. என் தோழி ஒருத்தி ஒரு பதிவு விடாமல் படிப்பாள், பின்னூட்டம் எழுத மாட்டாள். அவள் படிக்கிறாள் என்று தெரிந்ததாலேயே நாங்கள் தொடர்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் அப்பாவின் பேட்டரி வரைக்கும் அவளுக்குத் தெரியும், அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேட்கவே இல்லையே" என்றாள். பதில் சொல்ல வாயில் வார்த்தை இல்லை.

அதிலிருந்து பதிவு போட்டதும் சுட்டியை எல்லாருக்கும் மொத்தமாக அனுப்புவதில்லை. நாலைந்து பேருக்குத் தனித்தனி மின்னஞ்சல், அதில் அவர்களைப் பற்றி ஒரு கேள்வி. அடுத்த பதிவுக்கு வேறு நாலைந்து பேர். நேரம் பிடிக்கிறதுதான், ஆனால் தொடர்பு என்பது இந்த மின்னஞ்சல்களில்தான் இருக்கிறது, வலைப்பூ அதற்குப் பேச விஷயம் கொடுக்கிறது. தவிர, படிப்பவர்கள் தாமாக வந்துகொண்டே இருப்பார்கள் என்றும் நம்ப முடியாது. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது, அதன் வழியாகப் படித்துக்கொண்டிருந்த என் நண்பர்கள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். என் மேல் கோபம் எதுவும் இல்லை, வழி அடைபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தால் பிளாகர் என்ற வலைப்பூத் தளத்தில் நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம், வேர்ட்பிரஸ் தளத்தில் தனிப் பதிவுக்குக் கடவுச்சொல் போடலாம். வீட்டு விஷயம் எழுதும்போது அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பேட்டரி கதையை அப்பாவுக்குப் படித்துக்காட்டிவிட்டுத்தான் வெளியிட்டேன்.

அந்தத் தோழி இப்போதும் பின்னூட்டம் எழுதுவதில்லை. ஆனால் என் மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறாள், சில நேரம் என் பதிவை விட நீளமாக.