டைனிங் டேபிளுக்குப் புதுப் பூச்சு: கேள்விகளும் பதில்களும்

பழைய டைனிங் டேபிளைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்பவர்களில் பலர் "எந்த வார்னிஷ் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. மேஜை மேல் இப்போது என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கேள்வி: மேஜை மங்கிப்போய், தொட்டால் பிசுபிசுக்கிறது. மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். பல மேஜைகளில் மங்கலாகத் தெரிவது பூச்சே அல்ல, அதன் மேல் வருஷக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் மெழுகும்தான். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் துளி கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். மெழுகு இருந்தால் டர்பன்டைன் தொட்ட துணிக்கு வந்துவிடும். இதற்கு அப்புறமும் பிசுபிசுத்தால் பூச்சே இளகிவிட்டது என்று அர்த்தம், அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பூச்சு கெட்டியாக இருந்தால் அது என்ன வகை என்று பாருங்கள். கண்ணில் படாத ஓரத்தில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். அசையவில்லை என்றால் என்.சி. தின்னர் (லாக்கர் பூச்சைக் கரைக்கும் திரவம்) ஒரு சொட்டு, அதற்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் கரையாவிட்டால் பாலியூரித்தேன், மெலமைன் மாதிரி இறுகிவிட்ட சமாச்சாரம். இதைத் தெரிந்துகொள்வதில் ஆதாயம் இருக்கிறது: அரக்கும் லாக்கரும் மேலே அதே சரக்கை அடித்தால் பழசோடு கரைந்து ஒன்றாகிவிடும், சுரண்டும் வேலையே மிச்சம். பாலியூரித்தேன் அப்படிக் கரையாது. 320-ஆம் நம்பர் உப்புத்தாளால் (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்) லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் மேலே அடிப்பது பிடிக்கும்.

கேள்வி: முழு மரமா, வெனீரா (வேறு பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடா) என்று எப்படித் தெரியும்?

மேஜையின் குறுக்கு ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்தில் திரும்பி, வெட்டிய மரத்தின் குறுக்குத் தோற்றமாகத் தொடர்ந்தால் முழு மரம். ஓரத்தில் தனிப்பட்டை ஒட்டியிருந்தாலோ, அடிப்பக்கம் சம்பந்தமே இல்லாத பலகையாக இருந்தாலோ வெனீர். இன்றைய வெனீர் பெரும்பாலும் 0.6 மி.மீ. அளவுதான், அதைவிட மெலிசாகவும் வருகிறது. அதன் மேல் மிஷினை வைத்து ஓட்டினால் ஒரு மூலையில் அடிப்பலகை பல்லைக் காட்டிவிடும், அப்புறம் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. வெனீர் என்றால் பழைய பூச்சை ரசாயனத்தால் எடுங்கள், கையால் 220-இல் மட்டும் தேயுங்கள்.

கேள்வி: டம்ளர் வைத்த வட்டங்கள் போகுமா? சில வெள்ளை, சில கறுப்பு.

இரண்டும் வேறு வேறு நோய். வெள்ளை வட்டம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம். மேலே துணி போட்டு ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டினால் பல சமயம் மறைந்துவிடும், அரக்கோ லாக்கரோ என்றால் ஸ்பிரிட் பட்டும் படாமலும் தொட்ட துணியால் ஒரு வீச்சு போதும். கறுப்பு வட்டம் தண்ணீர் மரத்துக்குள்ளேயே இறங்கி, மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்புச் சத்து சேர்ந்து உண்டான கறை. அதைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் பள்ளம்தான் விழும். பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவுங்கள். கறை உள்ள இடத்தில் மட்டும் தடவினால் அந்த இடம் தனியாக வெளுத்துத் தெரியும், மேற்பரப்பு முழுவதும் தடவ வேண்டும். காய்ந்ததும் இரண்டு மூன்று முறை தண்ணீரால் நன்றாகத் துடைத்தெடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், மிச்சமிருக்கும் படிகத்தைத் தேய்த்துத் தூசியாக்கி மூச்சில் இழுத்துவிடாதீர்கள், அது விஷம்.

கேள்வி: ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) அடித்தால் திட்டுத்திட்டாக வருகிறது. ஏன்?

பெரும்பாலும் குற்றம் ஸ்டெயினில் இல்லை, தேய்ப்பில் இருக்கிறது. 80, 120, 180 என்று நம்பர் தாவாமல் ஏறுங்கள், ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள், ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் தூசியைத் துடைத்துவிடுங்கள். 80 போட்ட கீறலை 220 எடுக்காது, ஈரம் பட்டதும் அது கருங்கோடாக எழுந்து நிற்கும். மேற்பரப்பில் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் எந்த இடம் விட்டுப்போனது என்று உடனே தெரியும். அதற்காக 320 வரை போய்விடவும் வேண்டாம், மரம் வழவழப்பாகிவிட்டால் ஸ்டெயினைக் குடிக்காது. இன்னொரு காரணம் பழைய கோந்து. மூட்டில் வழிந்த பசை, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த ஓட்டை, இதெல்லாம் எந்த நிறத்தையும் ஏற்காது. பைன் மாதிரி மென்மரம் இயல்பிலேயே திட்டாகக் குடிக்கும், அதற்கு முதலில் நீர்த்த அரக்கு ஒரு பூச்சு கொடுங்கள்.

தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது, நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கேள்வி: எண்ணெயா, பாலியூரித்தேனா?

சின்னக் குழந்தைகள் இருக்கிற, தினமும் தண்ணீர் கொட்டுகிற மேஜைக்குப் பாலியூரித்தேன். தண்ணீரில் கரைத்த வகை நிறம் மாறாது, எண்ணெய் வகை போகப்போக மஞ்சள் ஏறும், கருமையான மரத்தில் அது அழகாகவே இருக்கும். கனமாக ஒரே பூச்சாக அடிக்காமல் மெல்லிசாக மூன்று அடியுங்கள், நடுநடுவே 320. டின்னைக் குலுக்காதீர்கள், கிளறினால் போதும், குலுக்கினால் குமிழிகள் மேஜைக்கே வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது எண்ணெய்தான், ஏனென்றால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி தடவிவிடலாம். ஆனால் அடிக்கடி தடவிப் பராமரிக்கப் பொறுமை வேண்டும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவே கூடாது. காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறி, தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: தேக்கு மேஜையில் பூச்சு உரிந்து உரிந்து வருகிறது.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அடிப்பதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் முதல் பூச்சைப் போடுங்கள். நேற்றே துடைத்துவைத்தது பயனில்லை, எண்ணெய் திரும்ப மேலே வந்திருக்கும்.

கேள்வி: எப்போதிலிருந்து சாப்பிட உட்காரலாம்?

கையில் ஒட்டாமல் காய்வது வேறு, உள்வரை இறுகுவது வேறு. எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் ஒரு நாளில் தொடும் அளவுக்குக் காயும், முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். மூன்று நாள் கழித்து ஜாக்கிரதையாகத் தட்டு வைக்கலாம். மேஜை விரிப்பு, ரப்பர் அடி வைத்த சாமான், சூடான பாத்திரம் இதெல்லாம் ஒரு மாதம் வேண்டாம், ஒட்டிக்கொண்டு தடம் விழுந்துவிடும்.